தும்மலை வகுத்த உடும்பு

கரும்பாறைக் குளத்தில் குடியிருந்த மூக்காயி என்ற நீர்க்கோழி ஒருநாள் காலையில் கூட்டை விட்டு இறங்கித் தண்ணீரில் கால் வைத்தாள். கால் எதிலோ சிக்கிக்கொண்டது. குளம் முழுக்கப் பச்சைப் பசேலென்று பாசி, அடைதோசை கனத்துக்குப் படர்ந்து கிடந்தது.

நாலு நாளைக்கு முன்னால் நல்ல மழை. மழை பெய்தால் குளம் நிறையும், மீன் துள்ளும். அதுதான் வழக்கம். இந்தத் தடவை மீன் துள்ளவில்லை. மல்லாந்து மிதந்தது.

மூக்காயி கூட்டைத் திரும்பிப் பார்த்தாள். பார்க்க மாட்டாளா பின்னே? கோரைப் புல்லுக்குள் கட்டிய கூட்டில் ஆறு முட்டை இருக்கிறது. நீர்க்கோழிக் குஞ்சு என்றால் லேசுப்பட்டதில்லை. ஓட்டை உடைத்து வெளியே வந்த கையோடு தண்ணீரில் குதித்துவிடும். தாயிடம் கேட்டுக்கொண்டெல்லாம் குதிக்காது. இந்தப் பாசிக்குள் குதித்தால் அது பிழைக்குமா?

"எவன் பார்த்த வேலை இது?" என்று கத்தினாள்.

கத்தினாளே தவிர, பதிலை அவள் முன்கூட்டியே தயாராக வைத்திருந்தாள். கிழக்குக் கரையில் தினை போட்டிருக்கும் காட்டுப்பன்றி முத்தாண்டிதான். ஊர்ச் சாலை வளைவில் லாரியிலிருந்து விழுந்த யூரியா உப்பு மூட்டையைப் பல்லால் இழுத்துக்கொண்டு வந்து, கல்யாண வீட்டில் அட்சதை போடுகிற மாதிரி வயலெல்லாம் வாரி வீசியவன் அவன்.

மேற்குக் கரையிலும் ஒரு தினை வயல் உண்டு. அது காட்டெருமை கொம்பையாவுடையது. அவர் மூட்டை உரத்தைத் தொடவே மாட்டார். சொந்தச் சாணியைத்தான் போடுவார். அவரிடம் அதற்குப் பஞ்சமா? தண்ணீர் ஓரமாகவே ஒரு குன்று அளவுக்குக் குவித்து வைத்திருந்தார். மழையில் அந்தச் சாணிமேடு பாதியாகக் கரைந்து போயிருந்ததை மூக்காயி பார்த்தாள். பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். கொம்பையா அண்ணன் முதுகில் ஏறி உண்ணி பொறுக்கித்தான் அவள் பாதி வயிற்றை நிரப்புகிறாள். அண்ணன் சாணி யாருக்குக் கெடுதல் பண்ணும்?

நேரே பன்றியிடம் போய் நின்றாள்.

"முத்தாண்டி, உன் உப்பு என் குளத்தக் கெடுத்துப்போட்டுது. வயல மூடிக்கிட்டு மலைக்கு அந்தப் பக்கம் போயிரு."

"அதெப்படி போறது? நாப்பது கூடை தினை எடுத்திருக்கேன். இந்தக் காட்டுல பாதிப் பேரு வயிறு என் வயலாலதான் நிறையுது. உங்கண்ணன் பத்துக் கூடை எடுத்துட்டு மாரு தட்டிக்கிட்டுத் திரியிறாரு, அவரப் போய்க் கேளு."

எதிர்க்கரையில் அசைபோட்டுக்கொண்டிருந்த கொம்பையாவுக்கு இது கேட்டுவிட்டது.

"ஏலே, நான் போடுறது இயற்கை உரம். என் உடம்புலருந்து வந்தது."

"எனக்குத் தெரியாதா? காத்து இந்தப் பக்கம் அடிக்கும்போதெல்லாம் தெரியுது" என்றான் பன்றி.

இப்படி ஒன்று, அப்படி ஒன்று என்று பேச்சு வளர்ந்து, கொம்பும் கோரைப் பல்லும் முட்டிக்கொள்கிற நிலைக்கு வந்துவிட்டது. மூக்காயி நடுவில் புகுந்தாள்.

"சண்டை வேண்டாம். அளந்து பார்த்துருவோம். எந்த வயல்ல கேடு அதிகமோ, அந்த வயல்காரர் மலைக்கு அந்தப் பக்கம் போகட்டும்."

அளந்தால் பன்றிதான் மாட்டுவான் என்று அவளுக்கு அப்படி ஒரு நம்பிக்கை. இல்லாவிட்டால் அந்த வார்த்தையை விட்டிருப்பாளா?

அந்தக் காட்டில் எதை அளக்க வேண்டுமானாலும் இருளப்பன் என்ற உடும்பைத்தான் கூப்பிடுவார்கள். அவர் தரையோடு தரையாகப் படுத்தால் ஓர் உடும்பு. எழுந்து அடுத்தாற்போல் படுத்தால் இரண்டு உடும்பு. நேர்மையானவர் என்று பேர். ஆனால் ஒரு முறையைப் பிடித்துக்கொண்டார் என்றால் உடும்புப் பிடிதான், இடி விழுந்தாலும் விடமாட்டார்.

இன்னொரு சங்கதியும் இருந்தது. உடும்புக்கு முட்டை என்றால் உயிர். வந்து இறங்கியதுமே இருளப்பனின் கண் கோரைக்குள் போனது. நாக்கு வெளியே வந்து இரண்டாகப் பிரிந்து ஆடிவிட்டு உள்ளே போனது.

"ஐயா, பார்வை அந்தப் பக்கம் வேண்டாம்" என்றாள் மூக்காயி.

"சேச்சே! அளவு வேலை முடியிற வரைக்கும் நான் சுத்த சைவம்மா. தொழிலுக்குன்னு ஒரு தர்மம் இருக்குல்ல?"

"முடிஞ்சதுக்கு அப்புறம்?"

"அது அப்புறம் பேசிக்கலாம்" என்று இருளப்பன் பேச்சை மாற்றினார்.

கேட்டை எப்படி அளப்பது? அதன் பக்கத்தில் படுத்துப் பார்த்தார் இருளப்பன். கேட்டுக்குத் தலையும் தெரியவில்லை, வாலும் தெரியவில்லை. யோசித்துவிட்டு, குண்டுமணி என்ற தவளையைப் பிடித்துவரச் சொன்னார். தவளைக்குத் தோல் வழியாகத்தான் எல்லாம் உள்ளே இறங்கும். தண்ணீர் கொஞ்சம் சரியில்லை என்றாலும் குண்டுமணிக்குத் தும்மல் வந்துவிடும். அவனை ஒவ்வொரு வயலின் வாய்க்காலிலும் உட்கார வைப்பது, தும்மலை எண்ணுவது. எத்தனை தும்மலோ அத்தனை கேடு.

"ஐயா, நானும் ஒரு உசுருதானே?" என்று அழுதான் குண்டுமணி.

"உசுருங்கிறதாலதான்டா தும்முற. கல்லு தும்முமா? உட்காரு."

பன்றியின் வாய்க்காலில் உட்கார்ந்ததும் ஆரம்பித்தான். இருபது தும்மல். கண்ணெல்லாம் சிவந்துவிட்டது. மூக்காயிக்கு உச்சி குளிர்ந்தது.

அடுத்து கொம்பையாவின் வாய்க்கால். ஒன்றும் வராது என்று மூக்காயி சிறகைக் கோதிக்கொண்டு நின்றாள். பத்துத் தும்மல் வந்தது.

"குண்டுமணி, உனக்கு ஏற்கெனவே சளி பிடிச்சிருக்கும்."

"இல்லக்கா. பத்தும் சாணித் தும்மல். எனக்கா தெரியாது? உப்புத் தும்மல் மூக்குல சுர்ருன்னு ஏறும். சாணித் தும்மல் தொண்டையப் புடிச்சுக்கிட்டு வரும்."

"சரி, சரி. இருந்தாலும் இருபதுதானே பெருசு? முத்தாண்டி, கிளம்பு."

"வகுக்காம எப்படிக் கிளம்புறது?" என்றான் பன்றி. "என் இருபது தும்மலுக்கு நாப்பது கூடை விளைஞ்சிருக்கு. ஒரு கூடைக்கு அரைத் தும்மல். அண்ணனுக்குப் பத்துத் தும்மலுக்குப் பத்துக் கூடை. கூடைக்கு ஒரு முழுத் தும்மல். ஒரு கவளம் சோத்துக்குக் கேடு யாரால அதிகம்னு பார்த்துச் சொல்லுங்க ஐயா."

"கூடையால ஏன் வகுக்கணும்? நிலத்தால வகுங்க" என்று கொம்பையா முன்னால் வந்தார். "ரெண்டு பேருக்கும் பத்து உடும்பு நிலம். அவனுக்கு உடும்புக்கு ரெண்டு தும்மல். எனக்கு ஒண்ணு."

இருளப்பன் மண்ணில் கோடு கிழித்து இரண்டையும் போட்டுப் பார்த்தார். இரண்டும் சரியாக வந்தது. அதுதான் வம்பே. ஒன்றாவது தப்பாக இருந்திருந்தால் கதை இங்கேயே முடிந்திருக்கும்.

"அரைத் தும்மல்னா எப்படிடா இருக்கும்? போட்டுக் காட்டு" என்றார் தவளையிடம்.

குண்டுமணி வாயைத் திறந்து, கண்ணைச் சுருக்கி, "ஹா..." என்று நிறுத்திவிட்டு அப்படியே நின்றான்.

"இவ்வளவுதானா? பாவம், பரவாயில்லையே" என்று இருளப்பன் வியந்தார். "சரி. ரெண்டு முறையும் சரிதான். ரெண்டையும் வெச்சுக்குவோம். அமாவாசை அன்னைக்குத் தீர்ப்பு. எவர் எண்ணு சின்னதா வருதோ அவர் இங்க இருக்கலாம்."

மூக்காயிக்கு ஏதோ விட்டுப்போன மாதிரி இருந்தது. "ஐயா, குளத்தையும் ஒருவாட்டி அளந்துட்டா என்ன?"

"குளம் யாரு வயலும்மா?"

"யாரு வயலும் இல்ல."

"அப்ப அதுக்கு விளைச்சலும் இல்ல, எல்லையும் இல்ல. எதால வகுக்கிறது? வகுக்க முடியாதத நான் அளக்கறதில்ல."

பெரியவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று மூக்காயி கூட்டுக்குத் திரும்பினாள். அன்றைக்கு இன்னும் ரெண்டு மீன் மிதந்தது.

மறுநாள் விடிந்து பார்த்தால் பன்றி வயலின் எல்லைக்கல் எல்லாம் இடம் மாறியிருந்தது! செடி கொடியைச் சுரண்டி எறிந்து வெறும் மண்ணாக்கினால் அது வயல் என்பது இருளப்பனின் விதி. முத்தாண்டி ராவோடு ராவாகப் புதரையெல்லாம் முட்டிச் சாய்த்துவிட்டு, பத்து உடும்பு நிலத்தை நூறு உடும்பு ஆக்கியிருந்தான். தும்மல் அதே இருபதுதான். நூறால் வகுத்தால்? ஓர் உடும்புக்கு ஐந்தில் ஒரு தும்மல்.

"போட்டுக் காட்டுடா" என்றார் இருளப்பன்.

குண்டுமணியின் ஒரு பக்க மூக்கு மட்டும் லேசாகத் துடித்தது.

கொம்பையா சும்மா இருப்பாரா? தூக்கணாங்குருவியைக் கூப்பிட்டு, நெல்லிக்காய் அளவுக்குக் கூடை பின்னச் சொன்னார். அதே பத்துக் கூடை தினையை அதில் அள்ளி அள்ளி வைத்தார். ஆயிரம் கூடை ஆனது. கூடைக்கு நூறில் ஒரு தும்மல்.

"கூடை சின்னதா இருக்கே" என்று பன்றி சண்டைக்கு வந்தான்.

"கூடைன்னுதானே சொன்ன? எவ்வளவு பெருசுன்னு சொன்னியா?"

இருளப்பன் தன் விதியைப் புரட்டிப் பார்த்தார். நிலத்துக்குத்தான் உடும்பு இருக்கிறது, கூடைக்கு அப்படி ஒன்றும் இல்லை. செல்லும் என்று சொல்லிவிட்டார். உடனே பன்றி கடுகு அளவுக் கூடை பின்னச் சொன்னான். தூக்கணாங்குருவிக்குக் கண் இடுங்கிப்போனது. ஒரு கூடையில் ஒரு தினை உட்காரவே இடம் பற்றவில்லை.

கூடையில் பன்றி முந்திவிட்டான் என்றதும் கொம்பையா நிலத்தைப் பிடித்துக்கொண்டார். மேற்கே பாறை வரைக்கும் சுரண்டினார். வடக்கே ஓடை வரைக்கும் சுரண்டினார். பன்றி ஒரு பக்கம், எருமை ஒரு பக்கம் என்று சுரண்டிக்கொண்டே போய், பன்றி வயலுக்குள் எருமை வயலும், எருமை வயலுக்குள் பன்றி வயலும் வந்துவிட்டன. இருளப்பன் இரண்டு பேருக்காகவும் ஒரே மண்ணில் இரண்டு தடவை படுத்து எழுந்தார். அதையும் நேர்மையாகத்தான் செய்தார்.

அமாவாசைக்கு முந்தின நாள் கொம்பையா குளத்தங்கரைக்கு வந்து கோரையைப் பிடுங்க ஆரம்பித்தார்.

"அண்ணே, அது என் வீடு" என்று மூக்காயி ஓடிவந்தாள்.

"உனக்காகத்தான் தங்கச்சி இந்தப் பாடு படுறேன். நான் ஜெயிச்சாத்தான் அந்தப் பன்றி போவான். பன்றி போனாத்தான் குளம் தெளியும். இந்தக் கோரைய எடுத்துட்டா எனக்கு இன்னும் அஞ்சு உடும்பு நிலம் கூடும். குளம் தெளியணுமா, வேண்டாமா?"

மூக்காயி யோசித்துப் பார்த்தாள். குளம் தெளிய வேண்டும் என்றால் கோரை போக வேண்டும். எங்கேயோ இடித்தது. எங்கே என்றுதான் தெரியவில்லை. கடைசியில் அவளே இரண்டு கொத்தைக் கடித்து இழுத்துக் கொடுத்தாள். கூட்டைச் சுற்றி ஒரு கைப்பிடி கோரை மட்டும் மிச்சம். கோரை தடுத்து வைத்திருந்த கலங்கல் எல்லாம் மறுநாள் காலைத் தூறலில் தங்குதடையில்லாமல் குளத்துக்குள் இறங்கியது.

அமாவாசை. காடே கரையில் கூடிவிட்டது. இருளப்பன் கடைசியாக ஒருமுறை படுத்து எழுந்து, கோடு கிழித்து, வகுத்து, நிமிர்ந்தார்.

"நிலத்தையும் கூடையையும் சேர்த்துப் பார்த்தா ரெண்டு வயலும் சமம். ஆயிரத்துல ஒரு தும்மல்!"

"ஆயிரத்தில் ஒரு தும்மல் எப்படி இருக்கும்?" என்று கூட்டத்தில் யாரோ கேட்டார்கள். குண்டுமணியை முன்னால் தள்ளினார்கள். அவன் எதுவுமே செய்யவில்லை. ஒரு காலத்தில் தும்மியதை நினைத்துப் பார்ப்பவன் போல வானத்தைப் பார்த்தான். அவ்வளவுதான்.

"அப்ப கேடே இல்ல" என்றார் இருளப்பன். "யாரும் எங்கயும் போக வேண்டாம்."

காடு ஆரவாரம் செய்தது. பன்றியும் காட்டெருமையும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். கூட்டத்தின் காலடியில் பாசிக் குளம் நாறிக்கொண்டிருந்தது. காற்று மாறும்போது எல்லாரும் மூக்கைத் திருப்பிக்கொண்டு ஆரவாரம் செய்தார்கள்.

மூக்காயி மட்டும் இருளப்பனின் நாக்கைப் பார்த்தாள். அது வெளியே வந்து ஆடிக்கொண்டிருந்தது. மறைக்கப் போதிய கோரை இல்லாத கூட்டை அது பார்த்த மாதிரி இருந்தது. அளவு வேலை முடிந்தது என்றால் சைவமும் முடிந்தது என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. கூட்டின்மேல் பாய்ந்து படுத்தாள்.

அடியில் 'டிக்' என்று ஒரு சத்தம். ஓடு விரிந்தது. கறுப்பாக, நனைந்த பஞ்சு உருண்டை மாதிரி ஒரு குஞ்சு தலையை நீட்டியது. அம்மாவைப் பார்த்தது. கூட்டத்தைப் பார்த்தது. மூக்காயி பிடிப்பதற்குள் தண்ணீரில் குதித்துவிட்டது.

பாசி அதை வாங்கிக்கொண்டு மூடியது.

மூக்காயி தலைகீழாகப் பாய்ந்தாள். துழாவினாள். பச்சைக்குள் பச்சைதான் தெரிந்தது. அந்த நேரத்தில் அவளுக்குப் பன்றியும் இல்லை, அண்ணனும் இல்லை, குஞ்சு ஒன்றுதான். காலில் ஏதோ தட்டுப்பட்டது. கவ்வித் தூக்கிக் கரையில் போட்டாள். தலை முதல் கால் வரை பச்சையாக ஒரு உருண்டை. அசையவில்லை.

அப்புறம் அந்தக் குஞ்சு தும்மியது.

அரையும் இல்லை, ஆயிரத்தில் ஒன்றும் இல்லை. அதன் உடம்பு முழுக்க உதறி, பின்பக்கமாக உருட்டிவிட்ட ஒரு முழுத் தும்மல்.

இருளப்பன் தொண்டையைச் செருமினார். "இந்தத் தும்மல் எந்த வயல் கணக்குல வரும்? நிலத்தால வகுக்கணுமா, கூடையால வகுக்கணுமா?"

மூக்காயி குஞ்சைச் சிறகுக்குள் இழுத்து அணைத்துக்கொண்டாள்.

"தும்மல எதால வேணும்னாலும் வகுத்துக்குங்க ஐயா. இந்தக் குஞ்ச எத்தன கூடையால வகுப்பீங்க?"

இருளப்பன் நாக்கு உள்ளே போனது.

"குண்டுமணி, இங்க வா" என்றாள் மூக்காயி. "குளத்துல இறங்கு. இன்னும் யாரும் அளக்காத இடம் இது ஒண்ணுதான்."

குண்டுமணி இறங்கினான். தும்ம ஆரம்பித்தான். இருபதைத் தாண்டினான், முப்பதைத் தாண்டினான், நிற்கவே இல்லை. எண்ணிக்கொண்டிருந்தவர்கள் எண்ணுவதை விட்டுவிட்டார்கள்.

"உப்புத் தும்மலாடா, சாணித் தும்மலாடா?" என்று ஆவலாகக் கேட்டான் பன்றி.

"ரெண்டும் கலந்து... அச்சூ... வருதுண்ணே. பிரிக்க முடியல. கோரையும் இல்லாம... அச்சூ... எல்லாம் நேரா இறங்கிருச்சு."

மூக்காயி பாதி கரைந்த சாணிமேட்டைப் பார்த்தாள். இந்தத் தடவை முகத்தைத் திருப்பவில்லை.

"அண்ணே, அன்னைக்கே இது என் கண்ணுல பட்டுது. நம்ம அண்ணன்னு வாய மூடிக்கிட்டேன். கோரையையும் நான்தான் பிடுங்கிக் குடுத்தேன். என் புத்தியச் சொல்லணும்."

கொம்பையா தலையைத் தாழ்த்தினார். மிச்சமிருந்த ஐந்து முட்டையோடு கூட்டை அலுங்காமல் கொம்புக்கு நடுவே ஏந்திக்கொண்டு, மேலே தெளிந்த தண்ணீர் இருந்த பாறைச் சுனைக்கு நடந்தார். பச்சைக் குஞ்சு பன்றியின் மூக்கின்மேல் உட்கார்ந்து வந்தது. வழியெல்லாம் தும்மிக்கொண்டே வந்தது. முத்தாண்டி ஒவ்வொரு தும்மலுக்கும் ஒருதரம் கண்ணை மூடித் திறந்தான்.

போகும்போது இருளப்பன் மெதுவாகக் கேட்டார்: "ஏம்மா, அளவு வேலை முடிஞ்சுதுல்ல?"

"எங்க ஐயா முடிஞ்சுது? குளத்த இப்பத்தானே ஆரம்பிச்சிருக்கோம்."

இருளப்பனுக்குத்தான் பிடித்த பிடி விட வராதே. ஒவ்வொரு மழைக்கும் குண்டுமணியைக் குளத்தில் இறக்கி எண்ண ஆரம்பித்தார். எண்ணிக்கை கேட்டுக் கேட்டு, பன்றி மழைக்கு முன்னால் உப்பு வீசுவதை நிறுத்தினான், கைப்பிடியையும் குறைத்தான். காட்டெருமை சாணிமேட்டைத் தண்ணீர் ஓரத்திலிருந்து பாறைக்குப் பின்னால் மாற்றினார். சுரண்டிய கரையில் இரண்டு பேரும் சேர்ந்து கோரை நட்டார்கள். இரண்டு வயலும் பழையபடி பத்து உடும்புக்குச் சுருங்கின. கூடையும் பழைய கூடையானது. குளம் ஒரேயடியாகத் தெளிந்துவிடவில்லை. ஆனால் அடுத்த மழைக்காலத்தில் நடுவில் கொஞ்சம் நீலம் தெரிந்தது, ஒரு மீன் துள்ளியது. அன்றைக்கு மூக்காயி அழுதாள்.

ஆறு குஞ்சும் பெரிதாகிவிட்டன. மூத்ததற்கு மட்டும் தலையில் பச்சை இன்னும் போகவில்லை. இருளப்பன் இன்றைக்கும் தினைக்கஞ்சி குடித்துவிட்டு, நாக்கை ஆட்டிக்கொண்டு, "முடிஞ்சுதாம்மா?" என்று கேட்கிறார். "இன்னும் இல்ல ஐயா" என்கிறாள் மூக்காயி.

எதால் வகுத்தால் எண் சிறுக்கும் என்று தேடினால் எண்தான் சிறுக்கும், கேடு சிறுக்காது. கேட்டை அது மொத்தமாகப் போய்ச் சேருகிற இடத்தில் அளக்க வேண்டும், அங்கே நம்மவர் பங்கும் இருந்தால் அதையும் சேர்த்தே எண்ண வேண்டும்.